எல்லாக் கருப்பு வெள்ளை ஃபிலிமையும் கலர் லேபில் கொடுக்க முடியாது

கருப்பு வெள்ளை ஃபிலிம் எதுவானாலும் கலர் லேபில் கொடுத்துக் கழுவிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அது சரி. எச்பி5 பிளஸ், கோடக் ட்ரை-எக்ஸ் போன்ற ஃபிலிம்களுக்குப் பொருந்தாதுங்க. இவற்றில் படமாக நிற்பது வெள்ளித் துகள். கலர் லேபில் ஃபிலிம் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர்; அதில் ப்ளீச், ஃபிக்ஸர் என்ற இரண்டு ரசாயனங்களும் சேர்ந்து வெள்ளியை முழுக்க நீக்கிவிடும். கலர் ஃபிலிமிலும் எக்ஸ்பி2விலும் வெள்ளி நீங்குவதற்கு முன்பே சாயம் உருவாகியிருப்பதால் படம் தங்குகிறது. எச்பி5இல் அந்தச் சாயமே கிடையாது. வெற்று ஃபிலிம்தான் திரும்பி வரும். அப்புறம் லேப்காரரைத் திட்டிப் பயனில்லை.

கொடுப்பதற்கு முன் ஃபிலிம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சி-41 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் கலர் லேப். தயாரிப்பாளர் வெளியிடும் தகவல் தாளிலும் இதைச் சரிபார்க்கலாம்.