ஃபாதர் வகுப்பெடுக்கட்டும், ஆனால் முதல் ஆளாக அல்ல

கத்தோலிக்கத் திருச்சபை மணமக்களுக்கு நடத்தும் திருமணத் தயாரிப்பு வகுப்பு எங்களுக்கு இரண்டு நாள் நடந்தது. அதில் எனக்கு இன்றும் நினைவிருப்பது ஒரு அரைமணி நேரம்தான். ஃபாதர்கள் பேசினார்கள், ஒரு மருத்துவர் பேசினார். இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு தம்பதியை மேடையேற்றினார்கள். "எங்களுக்குள்ள சண்டை வந்தா அன்னைக்கே பேசித் தீர்த்துடுவோம்" என்று கணவர் தாளைப் பார்த்து வாசித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, அந்த அக்கா, மைக்கை வாங்கினார். "எங்க தீர்த்தோம்? எனக்குத் தெரியாம தம்பிக்குக் கடன் கொடுத்தீங்களே, பதினோரு நாள் நான் பேசவே இல்லையே!"

ஹாலே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அந்தப் பதினோரு நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதுவரை நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்த என்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீடு திரும்பும் வழியில்தான் நாங்கள் இருவரும் முதன்முறையாகப் பணத்தைப் பற்றிப் பேசினோம்.

"கல்யாணம் பண்ணாத ஃபாதருக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மக்களின் பாவ அறிக்கையைக் கேட்க ஒப்புரவுத் தொட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் எல்லாரையும்விட அதிகமாகவே தெரியும். ஆனால் அங்கே கேட்டதை அவர் வாய் திறந்து சொல்ல முடியாது. அக்காவால் முடிந்தது.

இப்படிப்பட்ட தம்பதிகளே வகுப்பை முன்னின்று நடத்தட்டும் என்கிறேன்; இதைப் புரட்சி என்று யாரும் பதற வேண்டாம். கத்தோலிக்கத்தின் பெரும்பிரிவான இலத்தீன் திருச்சபையின் படிப்பினைப்படி திருமணம் என்னும் அருளடையாளத்தை (புனிதச் சடங்கை) வழங்குவதே மணமக்கள்தான், ஒருவருக்கொருவர். குரு அவர்களின் சம்மதத்தைத் திருச்சபையின் பெயரால் கேட்டுப் பெறுகிறார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1063-ஆவது சட்டமும் மணமக்களுக்குத் துணை நிற்கும் வேலையைக் கிறிஸ்தவச் சமூகத்துக்கே கொடுக்கிறது, அது நடக்கிறதா என்று பார்ப்பது மேய்ப்பர்களின் கடமை. குடும்பங்களின் இன்றைய சிக்கல்களைக் கையாளக் குருக்களுக்குப் போதிய பயிற்சி இருப்பதில்லை என்று 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய 'அமோரிஸ் லெத்தீசியா' மடலில் திருத்தந்தை பிரான்சிஸே ஒப்புக்கொண்டார். குருத்துவத்துக்கு வருடக்கணக்கில் தயாரிக்கும் திருச்சபை திருமணத்துக்குச் சில வாரங்களே ஒதுக்குகிறது என்ற அவருடைய வருத்தம் 2022-இல் வந்த திருமணத் தயாரிப்பு வழிகாட்டியின் முன்னுரையிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஃபாதர் கையைவிட்டு எடுக்கவே கூடாது. பெண்ணையும் பையனையும் தனித்தனியாக உட்காரவைத்து, "உனக்கு முழுச் சம்மதமா, யாரும் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்கும் விசாரணை அது. கட்டாயத்தால், பிறர் உண்டாக்கிய கடும் பயத்தால் கொடுத்த சம்மதம் செல்லாது (சட்டம் 1103). இரு வீட்டையும் தெரிந்த தம்பதியிடம் அந்தப் பெண் உண்மையைச் சொல்லுவாளா?

மேடைக்கு ஆள் தேடும்போது பங்குப்பேரவைப் (ஆலய நிர்வாகக் குழு) பொறுப்பாளர், நன்கொடையாளர் என்று 'முன்மாதிரிக் குடும்பங்களை' மட்டும் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அவர்கள் தாளைத்தான் வாசிப்பார்கள். சண்டை போட்டு மீண்டவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சியும் கொடுங்கள். ஒரு தம்பதியிடம் மூன்று நான்கு ஜோடிகளை ஒப்படைத்து, கல்யாணத்துக்குப் பிறகும் முதல் ஒரு வருடமாவது தொடர்பில் இருக்கச் சொல்லுங்கள். முதல் சண்டை, வகுப்பு நடக்கும்போது வருவதில்லை.

எங்களுக்கு வந்தது மூன்றாவது மாதம். யாரிடம் பேசுவது என்று யோசித்தபோது இருவருக்குமே அந்த அக்கா ஞாபகம்தான் வந்தது. ஆனால் அவர் எண் எங்களிடம் இல்லை. வகுப்பு முடிந்த அன்று சான்றிதழ் வரிசையில் நின்றோம், கையெழுத்து வாங்கித் திரும்புவதற்குள் அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.