வழிகாட்டி எங்கே வேகமாக நடக்கிறார்?

போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் வழுக்கி விழுந்தேன். ஊர் முழுக்க நடைபாதைகளில் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்திருக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து அவை எண்ணெய் தடவிய அம்மிக்கல் போல மின்னுகின்றன. ரோசியோ சதுக்கத்தில் அதே கற்களைக் கறுப்பும் வெள்ளையுமாக அலை வடிவில் அடுக்கியிருப்பதால், சும்மா நின்றாலே தரை ஆடுவது போல இருக்கிறது. தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் ஆடுவது பழக்கம்தான். தரை ஆடுவது பழக்கமில்லை.

அந்தச் சதுக்கத்தில்தான் காலை 9 மணிக்கு எங்கள் வழிகாட்டி பச்சைக் குடையோடு காத்திருந்தார். ஒரு நாள் சுற்றுலா. காலையில் பழைய நகரத்தில் நடை, மதியத்துக்கு மேல் ஆற்றோரமாக பெலெம். நான் பொதுவாக வழிகாட்டிகளுக்கு எதிரி. நம் ஊர்க் கோயிலில்கூட யாராவது பக்கத்தில் வந்து “இந்தத் தூணின் சிறப்பு தெரியுமா சார்” என்று ஆரம்பித்தால் நைசாக நகர்ந்துவிடுவேன். மகள் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டாள். கட்டிய பணத்தை வீணாக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பதால் போனேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் தன் வேலையில் கெட்டிக்காரர். காலை முழுவதும் என் வாயை அடைத்துவிட்டார்.

முதல் நிறுத்தம் சதுக்கத்தை ஒட்டியிருக்கும் சாவ் டொமிங்கோஸ் தேவாலயம். 1959 இல் தீப்பிடித்து எரிந்தது. கூரையைத் திரும்பப் போட்டார்கள், ஆனால் வெடித்துச் சிவந்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். உள்ளே போனால் எரிந்த வீட்டுக்குள் பூசை நடப்பது போல இருக்கிறது. வாசலுக்கு எதிரே ஒரு நினைவுக்கல். 1497 இல் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட யூதர்களை, ஒன்பது ஆண்டு கழித்து, 1506 ஏப்ரலில், இந்தத் தேவாலயத்தில் தொடங்கிய வெறியில் மூன்று நாள் தெருத்தெருவாகத் தேடிக் கொன்றார்கள். ஏறத்தாழ 2000 பேர். அதற்கு மேலும் இருக்கலாம். சிலுவையில் ஓர் ஒளி தெரிந்தது, அது அற்புதம் என்று எல்லோரும் சொல்ல, ‘மெழுகுவத்தி வெளிச்சமாக இருக்கும்’ என்கிற மாதிரி ஒருவர் சந்தேகப்பட்டதில் மூண்ட நெருப்பு. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தாமல், அவசரப்படாமல், எங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னார். தன் ஊரின் பாவத்தை விருந்தாளியிடம் இப்படிச் சொல்வதற்கு ஒரு திடம் வேண்டும்.

பிறகு மேட்டில் ஏறி கார்மோ மடம். கூரை இல்லாத பெரிய கோயில். வளைவுகள் மட்டும் மீன் முள்ளைப் போல வானத்தில் நிற்கின்றன. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தர் திருநாள், காலை 9.40 வாக்கில் நிலநடுக்கம். தேவாலயங்களில் கூட்டம், பீடங்களில் எரியும் மெழுகுவத்திகள். தப்பியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தண்ணீர் உள்வாங்கியது, பிறகு மலைபோலத் திரும்பி வந்தது. மிஞ்சியதை நாட்கணக்கில் தீ தின்றது. “திருநாள் காலை” என்று அவர் சொன்னபோது நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2004 இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை எங்களுக்குள் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இங்கேதான் வழிகாட்டியின் அருமை எனக்கு உறைத்தது. பைஷா பகுதியில் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கீறியது போல இருக்கும். வெறுமனே நடந்தால் ‘அழகான தெரு’ என்று கடந்துவிடுவோம். அந்தச் சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய ஒரு கூண்டு இருக்கிறது. அடுத்த நிலநடுக்கத்தில் சுவர் உதிர்ந்தாலும் கூண்டு நிற்க வேண்டும் என்பது கணக்கு. மாதிரிக் கூண்டைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களை ஓங்கி மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்கிறார்கள். அன்றைய அமைச்சர் பொம்பால், ஊர் ஊராகத் தேவாலயப் பங்குகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று. கடவுளின் கோபம் என்று ஊரே அழுதுகொண்டிருந்தபோது ஒருவர் உட்கார்ந்து புள்ளிவிவரம் சேகரித்திருக்கிறார்! இந்த ஆள் நல்லவரல்ல, எதிரிகளைக் கொடூரமாக ஒழித்தவர் என்பதையும் சேர்த்தே சொன்னார் நம் அம்மாள்.

மடத்துக்கு முன்னால் உள்ள சின்னச் சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் கயத்தானோ, படை சூழ்ந்த காவல் முகாமுக்குள் இருந்து சரணடைந்தார். துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் பூக்களைச் செருகிய நாள். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நடிப்பாக இருந்தாலும் நல்ல நடிப்பு.

பிறகு ஆற்றங்கரையின் பெரிய சதுக்கம். அரண்மனை 1755 இல் போய்விட்டது, ஆனால் ஊர்க்காரர்கள் இன்னும் ‘அரண்மனை முற்றம்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த நடுக்கத்துக்குப் பிறகு மன்னர் ஜோசே கல் கூரையின் கீழ் உறங்கவே பயந்து, சாகும்வரை மரத்தால் கட்டிய அரண்மனையில் காலம் தள்ளினார். இப்போது நடுவில் குதிரைமேல் சிலையாக நிற்கிறார். பீடத்தில் ஒரு யானை. அந்த யானையைக் காட்டி அவர் ஒரு காண்டாமிருகத்தின் கதையை எடுத்தார். குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் 1515 மே மாதம் கப்பலில் இங்கே வந்து இறங்கியது. மன்னர் மானுவல் இந்த முற்றத்தில் அதை ஓர் யானையோடு மோதவிட ஏற்பாடு செய்தார். யானை பார்த்தது, திரும்பி ஓடிவிட்டது. பிறகு போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார்கள். வழியில் கப்பல் மூழ்கி, சங்கிலியோடு செத்தது. அதை நேரில் பார்க்காமலேயே ஜெர்மனியில் இருந்த ஓவியர் டியூரர் வரைந்த படம்தான் ஐரோப்பாவுக்குப் பல தலைமுறைகளுக்குக் காண்டாமிருகம். பெலெம் கோபுரத்தின் அடியில் அதன் தலையைச் செதுக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் வெளியே நின்று பார்த்தேன். உப்புக்காற்றில் மழுங்கி இப்போது பன்றிக்குட்டி மாதிரி இருக்கிறது.

இந்த ஒரு விலங்குக்குக் கால் மணி நேரம். நல்ல கதைதான், நானும் ரசித்தேன்.

மதியத்துக்கு மேல் பெலெம் போனதும் அவருடைய கால்கள் மாறின. காலையில் ஒவ்வொரு கல்லுக்கும் நின்றவர் இப்போது விறுவிறுவென்று நடந்தார். ஜெரோனிமோஸ் மடம் 1501–02 வாக்கில் தொடங்கியது. ஆப்பிரிக்க, கீழ்த்திசை வணிக வருமானத்தில் 5 விழுக்காட்டை எடுத்துக் கட்டினார்கள். அந்த வரிக்குப் பெயரே மிளகு வரி. “மிளகு கட்டிய மடம்” என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நடந்துவிட்டார். உள்ளே வாஸ்கோடகாமாவின் கல்லறை. “இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர்.” ஒரு நிமிடம். நடை.

கண்டுபிடித்தவர்! 1498 இல் கிழக்காப்பிரிக்காவின் மாலிந்தியில் அந்தக் கடலை நன்றாக அறிந்த ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டு, அவர் காட்டிய வழியில் மூன்று வாரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்துதான் கள்ளிக்கோட்டைக் கரையைப் பார்த்தார் காமா. வாஸ்கோடகாமாவே வழிகாட்டி வைத்துக்கொண்டு வந்த ஆள்தான். அந்த வழிகாட்டிக்குச் சிலை இல்லை, பெயரும் உறுதியாக இல்லை. 1502 இல் இரண்டாம் முறை வந்தபோது மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர் கப்பலை ஆண், பெண், குழந்தைகளோடு எரித்தார். 1524 இல் கொச்சியில் இறந்து, அங்கே புதைக்கப்பட்டு, பிறகு எலும்புகள் இங்கே வந்தன. இவை நம் பள்ளிப் பாடத்திலும் ஒழுங்காக இல்லை, அது வேறு வழக்கு.

அடுத்து ‘கண்டுபிடிப்புகளின் நினைவுச் சின்னம்’. கப்பல் முனை போன்ற பெரிய கட்டடம். 1940 கண்காட்சிக்குத் தற்காலிகமாகச் செய்ததை, 1960 இல் அதே சர்வாதிகார ஆட்சி கல்லில் நிரந்தரமாக்கியது. காலையில் அந்த ஆட்சியைச் சொல்லிக் கண் கலங்கியவர், அது எழுப்பிய சின்னத்தின் முன்னால் குழுப்படம் எடுக்க எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார். தரையில் பளிங்கில் உலக வரைபடம். போர்த்துகீசியர் போன இடங்களில் ஆண்டு எழுதியிருக்கிறது. அவரவர் நாட்டின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகள் 1498 என்ற எண்ணின் அருகே போய் நின்றாள். நான் படம் எடுத்தேன். எடுத்த பிறகு அழித்துவிட்டேன்.

சின்னத்தின் முகப்பில் முதல் ஆளாக நிற்பவர் இளவரசர் ஹென்றி. 1444 இல் லாகோஸ் துறையில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த 235 பேரைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பங்கு போட்டபோது, குதிரைமேல் அமர்ந்து தன் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டவர். நாம் அன்றாடம் சொல்லும் ‘ஏலம்’ போர்த்துகீசியர் கொடுத்த சொல். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் கொடுத்தார்கள், ஏலத்தையும் கொடுத்தார்கள். 16 ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த லிஸ்பனில் பத்தில் ஒருவர் அடிமை. அன்று முழுவதும் ‘அடிமை’ என்ற சொல் எங்கள் காதில் ஒரே ஒரு முறை விழுந்தது, அதுவும் சாலையைக் கடக்கும்போது.

மறுநாள் தனியாக ஒரு தெருவைத் தேடிப் போனேன். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘கறுப்பர் கிணற்றுத் தெரு’. இறந்த அடிமைகளின் உடல்களை ஊருக்கு வெளியே எறிந்துவிட்டுப் போகிறார்கள், நாய்கள் குதறுகின்றன, நாற்றம் தாங்கவில்லை என்று அவர்களைப் போட ஆழமான குழி வெட்டி, அவ்வப்போது சுண்ணாம்பு தூவச் சொல்லி மன்னர் உத்தரவிட்டார். அதே மானுவல். ஆண்டு 1515, காண்டாமிருகம் வந்த அதே ஆண்டு. விலங்குக்குக் கோபுரத்தில் சிலை, மனிதர்களுக்குச் சுண்ணாம்பு. இப்போது அந்தத் தெருவில் காப்பிக் கடைகள். சுவரில் பெயர்ப்பலகை மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அந்த அம்மாளுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. சாவ் டொமிங்கோஸில் நின்று அப்படிப் பேசியவருக்குப் பேசத் தெரியும். கடலில் இருந்து வந்தது எதுவானாலும் கதை ‘வீரம்’ என்ற பெட்டிக்குள் போய்விடுகிறது. பெட்டியைத் திறந்தால் மாலை கெட்டுவிடும், மாலை கெட்டால் அன்பளிப்பு குறையும். பதினாறு பேரில் முக்கால்வாசிப் பேர் விடுமுறைக்கு வந்தவர்கள். வழிகாட்டி தன் வரலாற்றைச் சொல்வதில்லை, நாம் வாங்கத் தயாராக இருக்கும் வரலாற்றைச் சொல்கிறார். தஞ்சைக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதுவும் அப்படித்தான். கேட்கிறவர் ‘ஆகா’ என்கிறார், சொல்கிறவர் தொடர்கிறார்.

ஆகவே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த மரக்கூண்டை நான் தனியாக ஒரு மாதம் சுற்றியிருந்தாலும் பார்த்திருக்கமாட்டேன். வழிகாட்டியின் வாயைக் கவனிக்கும் நேரத்தில் கால்களையும் கவனியுங்கள். எங்கே வேகம் கூடுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் திரும்பிப் போங்கள். லிஸ்பனில் ஆப்பிரிக்க வம்சாவளியினரே நடத்தும் நடைச்சுற்றுகளும் உண்டு. இன்னொரு நாள் இருந்தால் அதில் சேருங்கள். (28 ஆம் எண் டிராமுக்கு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதைவிட அது மேல். பணப்பையும் பத்திரமாக இருக்கும்.)

சுற்றுலா முடிந்தது மடத்தின் அருகே, 1837 முதல் முட்டைப் பணியாரம் விற்கும் கடையில். மடத்துத் துறவிகள் உடைக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளையை எடுத்துக்கொண்டு, மீந்த மஞ்சள் கருவை இப்படிச் செய்தார்களாம். எங்கள் தூத்துக்குடி மக்ரூனில் வெள்ளைக் கரு மட்டும்தான், கூட முந்திரி. முந்திரியும் அவர்கள் பிரேசிலில் இருந்து கொண்டுவந்தது. ஒரே முட்டையைப் பிரித்துக்கொண்டு நாற்றிசையும் போனது போல இருந்தது. சொன்னேன், அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தத் தெம்பில் இன்னொன்றையும் சொன்னேன். சற்று முன் நாம் கடந்து வந்த மடத்தின் மேற்குப் பகுதியில் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறதே, அதன் சேகரிப்பில் 1554 பிப்ரவரியில் இந்த லிஸ்பனில் அச்சான ஒரு சின்ன வேதபாடப் புத்தகம் இருக்கிறது. தமிழில் அச்சான முதல் புத்தகம் அதுதான். தமிழ் எழுத்துக் கிடையாது, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். மொழிபெயர்த்தவர்கள் இங்கே இருந்த மூன்று இந்தியர்கள். தமிழ் எழுத்திலேயே புத்தகம் அச்சாக 1578 வரை, கொல்லம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மடத்தைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடமாகத் தினமும் அந்தச் சுவரைக் கடக்கிறேன் என்றார். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். புதுப்பிக்கும் பணிக்காக அருங்காட்சியகத்தை மூடி வைத்திருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். பிறகு கைப்பேசியை எடுத்துக் குறித்துக்கொண்டே, “எந்த மொழி? இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார்.

“தமிழ்.”

“தமுல்.”

“தமிழ்.”

“தமுல்” என்றார் திருப்தியாக. 1554 இல் அட்டையில் அச்சிட்டதும் அதேதான்.