0.1 + 0.2 ஜாவாஸ்கிரிப்ட்டோட பக் இல்லங்க
ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராமிங் மொழில 0.1 + 0.2 போட்டா 0.3 வராம 0.30000000000000004 வருது, இது அந்த மொழில இருக்கிற பக் (பிழை), பைத்தான்ங்கிற இன்னொரு மொழிக்கு மாறினா சரியாகிடும்னு ஒரு நண்பர் சொல்லியிருக்காரு. அப்படி இல்லங்க. பைத்தான்லயும் அச்சு அசலா இதே விடைதான் வரும், ஏன்னா ரெண்டுமே 1985ல வந்த ஐ ட்ரிபிள் ஈ 754ங்கிற பொது முறைப்படி 64 பிட்லதான் (பிட்னா 0 அல்லது 1ங்கிற ஒரு இலக்கம்) தசம எண்ணை வச்சுக்குது. நம்ம தசமத்துல 1/3 எப்படி 0.333ன்னு முடியாம போயிட்டே இருக்கோ அதே மாதிரி 0, 1 மட்டும் வச்சு எழுதற பைனரில 1/10ம் முடியாம போயிட்டே இருக்கும், அதனால எண்ணோட இலக்கங்களுக்குக் கிடைக்கிற 53 பிட்டோட ரவுண்ட் பண்ணித்தான் ஆகணும், அந்தத் துளி வித்தியாசம்தான் கடைசில நிக்கிற 4. சந்தேகம் இருந்தா பிரவுசர் கன்சோல்லயும் (பிரவுசர்லயே ஜாவாஸ்கிரிப்ட் போட்டுப் பார்க்கிற இடம்) பைத்தான்லயும் போட்டுப் பாருங்க, அப்படியே 0.5 + 0.25ம் போடுங்க, 1/2, 1/4 ரெண்டும் பைனரில முழுசா அடங்கிடும்ங்கிறதால 0.75 சுத்தமா வரும்.