எண்ணிக்கை வேறு, வீச்சு வேறு

திரையில் வானவில் வரைவது பற்றி, "திரையால் 1.67 கோடி நிறங்களைக் காட்ட முடியும், எச்எஸ்வி (நிறச்சாயல், செறிவு, ஒளிர்வு என நிறத்தைக் குறிக்கும் முறை) வண்ணச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் அசல் வானவில் வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை சரிதான், ஆனால் அதை வைத்து வானவில் வந்துவிடும் என்பது தவறு. பலர் இதை நம்பி நிரல் எழுதுவதால் சொல்லியே ஆக வேண்டும்.

1.67 கோடி என்பது படிநிலைகளின் எண்ணிக்கை மட்டுமே. அத்தனையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று மூல ஒளிகளின் கலவைக்குள் அடங்குபவை. ஒற்றை அலைநீள ஒளியின் நிறங்களோ அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. 500 நானோமீட்டர் பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதக் கண் ஒவ்வொரு அலைநீளத்தையும் எப்படி உணர்கிறது என்பதைக் காட்டும் 1931ஆம் ஆண்டின் சிஐஇ அட்டவணை மதிப்புகளை, திரைகளுக்கான பொது நிற அளவுமுறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் பச்சை 0.61, நீலம் 0.22, சிவப்பு மைனஸ் 0.62 என்று வருகிறது. எந்தத் திரையும் மைனஸ் சிவப்பை உமிழாது. அதைப் பூஜ்ஜியமாக வெட்டினால் நிறச்சாயலே மாறிவிடும். அலைநீளத்துக்கு அலைநீளம் இருந்த நுணுக்கமான வேறுபாடும் மங்கிவிடும்.

வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே வரும் மெஜந்தாவுக்கு ஒற்றை அலைநீளமே கிடையாது. அது வானவில் பட்டையில் எங்கும் இல்லை.

செய்ய வேண்டியது: நிறமாலை முழுவதற்கும் ஒரே அளவு சாம்பலைச் சேர்த்து, மைனஸ் மதிப்புகள் மறைந்த பிறகே காமா திருத்தம் (ஒளி அளவுகளைத் திரைக்கு ஏற்ற மதிப்புகளாக மாற்றும் கணக்கு) செய்யுங்கள். நிறம் வெளிறுகிறதே என்று தயங்க வேண்டாம். வானத்தில் தெரியும் வில்லும் பின்னணி ஒளியோடு கலந்துதான் கண்ணுக்கு வருகிறது. சூரிய வட்டின் அரை டிகிரி அகலமும் வில்லின் நிறங்களை ஒன்றோடொன்று இழைக்கிறது.