பத்தாம் வசனத்தை யாரும் கேட்பதில்லை

மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து நோட்டீஸ் என்று ஓடும் பிழைப்பு. கார்த்திகை பிறந்தால் கூடவே சபைகளுக்கு வாக்குத்தத்த அட்டை, அதாவது வரப்போகிற வருஷத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் போட்ட அட்டை, அடிக்கிற வேலையும் வரும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, வரிசையில் நின்று கண்ணை மூடி ஒன்று எடுப்போமே, அதுதான்.

எந்தச் சபையிலிருந்து லிஸ்ட் வந்தாலும் எரேமியா 29:11 அதில் கட்டாயம் இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நல்ல வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பத்தாம் வசனத்தை அட்டையில் போடச் சொல்லி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. புத்தாண்டும் அதுவுமாக யார் கேட்பார்கள்?

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்கிற இன்னொரு தீர்க்கதரிசி சொல்லிக்கொண்டிருந்த நேரம். கேட்க இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் செய்யுங்கள் என்று எழுதுகிறார். அதைப் படித்த பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினொன்றாம் வசனம்.

2019 கடைசி ராத்திரி எனக்கு வந்தது அதே அட்டை. நானே அடித்தது, நானே வெட்டியது! மூன்று மாதத்தில் ஊரடங்கு. லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஈஸ்டர் கழிந்துதான் வேலை சூடு பிடிக்கும். அந்த வருஷம் ஏப்ரல் 12 ஈஸ்டரை வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். அழகர்கூட ஆற்றில் இறங்காத வருஷம் அது. வைகாசி முகூர்த்தத்துக்கு அடித்த பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கடையில் கிடந்தன, தேதியோடு. பாக்கி கேட்கவும் மனசு வரவில்லை.

அப்போது ஒரு சகோதரர் போன் செய்து, "விசுவாசத்துல எங்கயோ குறை இருக்குண்ணே, சோதிச்சுப் பாருங்க" என்றார். அவர் நல்ல மனுஷர்தான், பேர் வேண்டாம். ஆனால் இந்தப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்ட இயேசுவை வணங்குகிறோம். அவருக்கும் விசுவாசக் குறை என்று சொல்லிவிட முடியுமா? 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஒரு வெளிச்சமும் கிடையாது. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். (அதற்கும் இதுவரை ஆர்டர் வந்ததில்லை.)

அந்த ஆடி மாதம். வழக்கமாகவே முகூர்த்தம் இல்லாத மாதம். மீந்துபோன அட்டைகளை மடியில் வைத்து என் வீட்டுக்காரி நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள், கிறிஸ்துமஸ் நட்சத்திரம்.

"கோயில் எப்பத் திறக்கும்னே தெரியல, இப்ப எதுக்கு இது?"

"திறக்கும்போது திறக்கட்டும்ங்க. அப்ப நட்சத்திரம் இருக்கணும்ல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ரொம்ப நாள் கழித்து எரேமியா 32 வாசிக்கும்போதுதான் உறைத்தது. எருசலேமைப் பாபிலோன் படை வளைத்து நிற்கிறது. எரேமியா ராஜாவின் காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரம் பார்த்து, சொந்த ஊரான ஆனதோத்தில் 17 சேக்கல் எடை வெள்ளிக்கு ஒரு நிலம் வாங்குகிறார்! சாட்சி வைத்து, வெள்ளியைத் தராசில் நிறுத்து, கிரயப்பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். நம் ஊர் பத்திர ஆபீஸ் வாசலில் கேட்கிற அதே சொல், கிரயப்பத்திரம். நிலம் மறுபடி விலைக்குப் போகிற காலம் வரும் என்று நம்புகிறவன் பணத்தை இன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறான். நம்பிக்கை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்த டிசம்பரில் கோயில் திறந்திருந்தது. நட்சத்திரங்களில் பாதிதான் விற்றது, மீதி இன்னும் பரணில் கிடக்கிறது. எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது என்று சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த மே மாதம் அப்பா போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் எங்களையும் சேர்த்து ஏழு பேர். அப்பாவுக்கு ஒரு பழக்கம். சபையே ஆமென் சொல்லி முடித்த பிறகு, ஒரு மூச்சு பிந்தி, தனியாக, கனமாக ஒரு ஆமென் சொல்வார். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். அடக்கம் முடிந்த ராத்திரி வீட்டு ஜெபத்தில் எல்லோரும் ஆமென் சொன்னோம். அப்புறம் யாரும் எழுந்திருக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா குரலைக் கனமாக்கிக்கொண்டு, பிந்தி, "ஆமென்" என்றார். அழுதுகொண்டே சிரித்தோம். சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். துக்கம் ஒரு இம்மியும் குறையவில்லை, பக்கத்திலேயே அதுவும் உட்கார்ந்திருந்தது.

போன வருஷம் எங்கள் சபை அட்டைக் கட்டில் என் செலவில் ஐம்பது அட்டை சேர்த்தேன். ஆயரிடம் கேட்டுக்கொண்டுதான். எரேமியா 29:5: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." ஆராதனை முடிந்து வாசலில் ஒரு அக்கா அந்த அட்டையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். வாடகை வீட்டில் இருப்பவர்.

"தம்பி, வீடு கட்டச் சொல்லுது. இந்த வருசம் எடம் எதுவும் அமையுமா?"

"அது தெரியலக்கா. மாடியில தொட்டி வைக்க வீட்டுக்காரர் விடுவாரா?"

"கேட்டுப் பாக்குறேன்" என்று அட்டையைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போனார்.