புகாருக்கு முன்னால் ஒரு அறிமுகம்

புது வீட்டுக்குக் குடிவந்து 4 மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டாரிடம் நாம் பேசும் முதல் பேச்சு புகாராக இருக்கவே கூடாது என்பது இதற்குள் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

வந்த வாரத்திலேயே மேல் வீட்டிலிருந்து சத்தம். இரவு 11 மணிக்கு மேல் நாற்காலியை இழுப்பதுபோல் கர்ர்ரென்று கேட்கும், நிற்கும், மறுபடி கர்ர்ர். 2 மணிவாக்கில் ஒருமுறை, விடிவதற்கு முன் ஒருமுறை. ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள், குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்காக, “சிலருக்கு அடுத்தவர் தூக்கத்தைப் பற்றி அக்கறையே இல்லை” என்று தொடங்கி நீளமாக எழுதிவிட்டேன். ஏனோ அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் மாலை படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்த பெண்ணிடம், “கீழ் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம்” என்று மட்டும்தான் சொன்னேன். உள்ளேயிருந்து அவருடைய அப்பா வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, அதைக் கொஞ்சம் தள்ளி, இரண்டு எட்டு வைத்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி, அப்படித்தான் ஹாலைக் கடந்து வந்தார். கர்ர்ர், நிறுத்தம், கர்ர்ர். அந்த நாற்காலியிலேயே மெல்ல உட்கார்ந்துகொண்டு, “உட்காரும்மா” என்றார். குரூப்பில் அதைப் போட்டிருந்தால் எந்த முகத்தோடு அந்த வாசலில் நின்றிருப்பேன்?

அதற்காகச் சத்தத்தைச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அந்த மகளிடமே சொன்னேன். பதறிப்போனார். கீழே கேட்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பலருக்கும் தெரியாது. பேச்சுச் சத்தம் காற்றில் வருவதால் சுவரும் கதவும் ஓரளவு தடுத்துவிடும். நாற்காலிக் கால் உரசுவதோ கான்கிரீட் தளத்தையே அதிர வைக்கிறது. இழுப்பவருக்கு அது சின்னச் சத்தம், அடியில் படுத்திருப்பவருக்குத் தலைக்கு மேலேயே நடப்பதுபோல் இருக்கும். கீழே இருந்துகொண்டு நாம் செய்யக்கூடியது குறைவு. நாற்காலிக் காலுக்கு அடியில் மெத்தென்று எதையாவது ஒட்டலாம் என்று பேசினோம். வழுக்கிவிட்டால் பெரியவர் விழுந்துவிடுவாரே என்று விட்டுவிட்டோம். கடைசியில் அவர்கள் அப்பாவின் கட்டிலைக் கழிவறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். நான் என் கட்டிலை அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன். சத்தம் இன்னும் இருக்கிறது, ஆனால் தூக்கம் கெடுவதில்லை.

1950இல் உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் நட்பு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்த நூல் வெளிவந்தது. அடுத்த கதவு வீட்டாரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அதே தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே அது 10 சதவீதம்தான். பழகப் பழகத்தான் பிடிக்கிறது. ஆனால் 1976இல் வெளிவந்த, கலிபோர்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வில், பிடிக்காதவர்களும் பக்கத்திலேயேதான் இருந்தார்கள். சத்தம், குப்பை போன்ற தொல்லைகள் அருகிலிருந்துதானே வருகின்றன! அருகில் இருப்பது நட்பையும் தரும், பகையையும் தரும். எது முதலில் நடக்கிறது என்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

“யாரிடமும் ஒட்டாமல் இருப்பதே நிம்மதி” என்பவர்கள் உண்டு. அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டு விஷயம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை, தினமும் போய் உட்கார வேண்டியதும் இல்லை. பெயர் தெரிந்திருக்க வேண்டும், படியில் பார்த்தால் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருக்க வேண்டும். அவ்வளவு போதும். முதலில் போய்ப் பேசுவது புதிதாக வந்தவர் வேலை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

போன வாரம் எங்கள் எதிர் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கொடியில் கைக்குழந்தைத் துணி காய்கிறது. எனக்கோ சுவரில் அலமாரி மாட்ட டிரில்லிங் வேலை பாக்கி. இன்று மாலை போய் அறிமுகம் செய்துகொண்டு, குழந்தை தூங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வேலையாளை வரச் சொல்லப் போகிறேன்.