சுண்ணாம்புன்னா அவ்ளோ இளக்காரமா?

ஞாயித்துக்கிழமை பழைய மாணவர் கூட்டத்துல நம்ம காலேஜோட பழைய கட்டடத்தைப் பத்தி நம்ம சீனியர் மைக்கைப் பிடிச்சுச் சொன்னதை எல்லாரும் பாத்தாச்சு. "வெறும் சுண்ணாம்புக் கட்டடம்தானே, இடிச்சுட்டு நாலு மாடி எழுப்பிடலாம்." கைதட்டல் வேற!

எனக்கு அந்த 'வெறும்'தான் பொறுக்கல.

மெரினா பக்கம் போறப்ப கொஞ்சம் தலையைத் திருப்பிப் பாருங்க. மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870ல திறந்தது. வரைஞ்சது ராபர்ட் சிஸ்ஹோம்னு ஒரு வெள்ளைக்கார ஆர்கிடெக்ட். அதே ஆள் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குக் கட்டின செனட் ஹவுஸ் 1879ல முடிஞ்சது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். எதிர்ல கடல், நாள் பூரா உப்புக்காத்து. நிக்குதா இல்லையா? நம்ம கான்கிரீட்ல முப்பதே வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு சீலிங் பேந்து விழறதை யாரும் பாத்ததே இல்ல போல.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிய விட்டுடும். அது மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். நம்ம கெமிஸ்ட்ரி லேப் வராண்டால நடந்தது அதுதான். முழங்கால் உயரத்துல உப்பியிருந்த புதுப் பூச்சை விரலால தொட்டேன், பத்தையா கையோட வந்துடுச்சு. உள்பக்கம் பஞ்சு மாதிரி உப்புப் பூத்திருக்கு. பழி மட்டும் சுண்ணாம்புக்கு.

"பசங்க தலையில விழுந்தா நீ வருவியா?" நியாயமான கேள்வி. விவரம் தெரிஞ்ச இன்ஜினியர் வந்து சோதிக்கட்டும். ஒழுகுற மெட்ராஸ் டெரஸை, அதான் மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளத்தை, பிரிச்சுப் போடட்டும், உத்திரம் செல்லரிச்சிருந்தா மாத்தட்டும். யார் வேண்டாம்னா?

"வெள்ளைக்காரன் கட்டினதுக்கு ஏன் இப்படி உருகுறே?"ன்னு இன்னொரு கோஷ்டி. கழுத்துல டை கட்டிக்கிட்டுக் கேக்குறாங்க, கேக்கட்டும்.

வெள்ளைக்காரன் வரைஞ்சான், சரி. சுண்ணாம்பு அரைச்சது யாரு? எங்க தாத்தா கொத்தனார். நம்ம காலேஜ் மாடியில ஒழுக்கு பாத்தவர். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து நாள்கணக்கா கட்டையால தளத்தைத் தட்டுவாங்களாம். சத்தத்தை வெச்சே பதம் சொல்வாராம் தாத்தா. நான் அங்க அட்மிஷன் வாங்கின அன்னிக்கு அவர் கூட வந்தார். ஆபீஸ் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தார். நான் வெக்கப்பட்டு நாலடி தள்ளி நின்னேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

நாலு மாடி வந்தா கல்வெட்டுல யார் யார் பேர் இருக்கும்னு இப்பவே தெரியும்.

சீனியர் அண்ணே, அந்தப் பூச்சுப் பத்தையைப் பேப்பர்ல மடிச்சு வெச்சிருக்கேன். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வரேன், தொட்டுப் பாருங்க.